ஒற்றைத் தாள்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், நகைப் பெட்டிக்குக் கீழே, என் மனைவியின் மருத்துவ ஃபைல் இருக்கிறது. திறந்தால் மறுபடி மூடுவது சிரமம், அவ்வளவு தடிமன். ஸ்கேன் படங்கள், தைராய்டு முடிவுகள், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, மாதாமாதம் கருமுட்டை வளர்ந்த அளவைக் குறித்த சீட்டுகள். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். 63 தாள்கள். என்னுடையது ஒரே ஒரு தாள். அதுவும் அந்த ஃபைலில் இல்லை. எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவே நான்காக மடித்து நானே ஒளித்து வைத்தது.

அந்த 63-ல் பெரும்பாலானவை என் ஒற்றைத் தாளுக்கு முந்தைய இரண்டு வருடங்களைச் சேர்ந்தவை. அந்த இரண்டு வருடங்களைப் பற்றிப் போன மாதம்வரை யாரிடமும் பேசியதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது 37. ராஜபாளையத்தில் அது இன்று யாரும் வாய் மேல் கை வைக்கும் வயதல்ல. என் தெருவிலேயே அப்போது கல்யாணத்துக்குக் காத்திருந்தவர்கள் நாலைந்து பேர். அப்பா மில்லில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வருடம் எனக்கு 26. அக்காவை அவர் கரையேற்றிவிட்டார். இரண்டு தங்கைகளை என் கையில் விட்டார். மூத்தவளுக்கு முடித்து அந்தக் கடன் அடைந்தது. இளையவளுக்கு முடித்து அந்தக் கடனும் அடைந்தது. பிறகு, சொந்த வீடு கேட்கிறார்கள் என்பதால் ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் போட்டோம். வீடு முடிந்தபோது ஜாதகத்தில் செவ்வாய் குறுக்கே வந்தது. இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. என் தலைமுறையில், என் தரத்துக் குடும்பங்களில், மூத்த ஆண்பிள்ளையின் முப்பதுகள் இப்படித்தான் போயின.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவாள். சில வாரம் நானும் கூடப் போவேன். ஆண்டாள் சன்னதியில் கல்யாணம் கூடி வர வேண்டி நிற்பவர்களின் வரிசையில் காதோரம் நரைத்த ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் நின்றவரிடம் அவருடைய அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உனக்கென்னய்யா, ஆம்பளைச் சிங்கம். அறுபதிலயும் மாப்பிள்ளைதான்." அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. பெண்ணுக்கு 25 தாண்டினால் தரகர் குரலைத் தாழ்த்துகிறார். 28 ஆனால் இரண்டாம் தாரத்து ஜாதகங்களை நீட்டுகிறார். ஆணின் வயதை அவர் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்கிறார், ஏதோ அதுவும் கூடிக்கொண்டே போவது நல்லது என்பதுபோல.

கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து கேள்வி தொடங்கியது. "ஏதும் விசேஷம் உண்டா?" கோயிலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில். ஒருமுறைகூட அது என்னிடம் கேட்கப்படவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதும் அவளைப் பார்த்தே கேட்டார்கள். ஒரு வருடம் கழிந்ததும் அவள் வளைகாப்புகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். தலைவலி என்பாள், விருதுநகரில் வேலை இருக்கிறது என்பாள். நான் மொய்க் கவரை எழுதிக் கொண்டு தனியே போய் வருவேன். மலடி என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த அளவுக்கு எல்லோரும் நல்லவர்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆண்பால் அகராதியில் இருக்கிறதே தவிர எங்கள் தெருவில் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

முதலில் பார்த்த மருத்துவமனையில் அவளுக்குப் பரிசோதனைகள் எழுதினார்கள். முடிவுகள் எல்லாம் சரி. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் சரி. கருக்குழாய்ப் பரிசோதனை வலிக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, உண்மைதான். நானாகவும் எதுவும் சொல்லவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. கணவனுக்கும் சோதனை உண்டு என்று நான் படித்திருந்தேன். ஒரு நாள், ஒரு சின்ன டப்பா, சில நூறு ரூபாய். முடிவு அன்றைக்கே கையில். உலகத்தில் பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அதனால் தொடக்கத்திலேயே இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவ ஒழுங்கு. தெரிந்தும் இரண்டு வருடம் அவளை மட்டும் மேஜையில் படுக்க வைத்தேன். பயம்தான் காரணம். வேறு பெயர் சொல்லி அதை நான் மழுப்ப மாட்டேன்.

எனக்கு 39 ஆனபோது மதுரையில் ஒரு மருத்துவர், நாங்கள் உட்கார்ந்ததும், அவளுடைய ஃபைலைத் திறக்காமலே என்னைப் பார்த்து, "உங்க ரிப்போர்ட் எங்க சார்?" என்று கேட்டார். அன்று எடுத்ததுதான் அந்தத் தாள். ஒரு மில்லியில் 1 கோடியே 10 லட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி இன்றைய கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். நூற்றுக்கு 42 அசைய வேண்டும், எனக்கு 28. "கவுண்ட் கம்மிதான், மோசமில்லை" என்றார். பக்கத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அந்த எக்ஸ்ரே எடுக்காம இருந்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் இதைப் பற்றிச் சொன்னதில்லை.

வயது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அன்று நான் ஒரு நாளைக்கு ஆறு சிகரெட் பிடித்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. பிள்ளையில்லாத ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்படும் விதைப்பை இரத்தநாளச் சுருளும் லேசாக இருந்தது. இது மருத்துவர்கள் எப்போதும் சொல்வது: வயது தனியாக வருவதில்லை, கூட்டாளிகளோடு வருகிறது. உடம்பில் சேரும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் அதற்குத் தின்னும் மாத்திரைகளும் நாற்பதை ஒட்டித்தான் வந்து சேர்கின்றன. வெப்பமும் சேர்த்தி. விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட இரண்டு, மூன்று டிகிரி குளிர்ச்சி அதற்குத் தேவை என்பதால்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படியில் ஒரு நாள் நின்று பாருங்கள். விறகு எரியும் அடுப்பின் முன்னால், இரும்புச் சட்டியில் பால் சுண்டிச் சுருளும்வரை, இடுப்புக்கு நேரே அந்த அனலோடு ஒருவர் கிண்டிக்கொண்டே இருப்பார். அடுமனை, வெல்டிங், சூளை என்று அனல் முன் வேலை செய்யும் ஆண்களிடம் விந்தணு பாதிக்கப்படுவதை ஆய்வுகள் பல நாடுகளில் காட்டியிருக்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பைச் செய்பவரிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கூட்டாளிகளை எல்லாம் விலக்கிய பிறகும் வயது தன் வேலையைச் செய்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நான் மெல்லமெல்லப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பெண் பிறக்கும்போதே தன் கருமுட்டைகள் முழுவதையும் கொண்டு பிறக்கிறாள். அவை கூடுவதில்லை, குறைந்துகொண்டே போகும். ஆண் அப்படியல்ல. பருவம் வந்த நாள்முதல் சாகும்வரை நாளுக்குக் கோடிக்கணக்கில் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறான். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். இந்த ஓயாத உற்பத்தியைத்தான் நாம் ஓயாத இளமை என்று எடுத்துக்கொண்டோம். அங்கேதான் பிழை. புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் மூல செல் பிரிய வேண்டும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூலைப் படியெடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 23 முறை. 20 வயதில் அந்தப் படி 150 முறைபோல எடுக்கப்பட்டிருக்கும். 40-ல் 600-ஐத் தாண்டும். 50-ல் 800-ஐத் தாண்டும். ஏட்டிலிருந்து ஏடாகப் படியெடுத்தவர்கள் வாழ்ந்த நாடு இது. படிக்குப் படி எழுத்துப் பிழை ஏறும் என்பதை உ.வே.சாமிநாதையருக்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2012-ல் ஐஸ்லாந்தில் ஆகஸ்டின் காங், காரி ஸ்டீஃபான்சன் ஆகியோர் 78 குடும்பங்களில் தாய், தந்தை, பிள்ளை மூவரின் மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்தார்கள். பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய பிழைகள் யாரிடமிருந்து வந்தன என்று எண்ணினார்கள். தாயிடமிருந்து ஏறக்குறைய 15. தந்தைக்கு 20 வயதென்றால் 25, 40 வயதென்றால் 65. தந்தையின் ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு பிழை கூடுகிறது. அந்த ஆய்வை வாசித்த இரவு, என் 37-ஐயும் 39-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டேன். செவ்வாய்க்குப் பரிகாரம் தேடிய ஒன்றரை வருடத்துக்கு மூன்று எழுத்து.

இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. சில செய்யும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற மருத்துவர் 1912-லேயே ஒன்றைக் கவனித்தார். கைகால் குட்டையாகப் பிறக்கும் ஒரு வகைக் குள்ளத்தன்மை, சாதாரண உயரமுள்ள பெற்றோரின் பிள்ளைகளில், பெரும்பாலும் கடைசிப் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. மரபணு எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. 1955-ல் இங்கிலாந்தின் லயனல் பென்ரோஸ், தாயின் வயதையும் பிறப்பு வரிசையையும் பிரித்துப் பார்த்து, காரணம் தந்தையின் வயதுதான் என்று காட்டினார். ஒரே ஒரு எழுத்து மாறுவதால் அது வருகிறது என்று 1994-ல் தெரிந்தது. அப்படி மாறிய மூல செல், பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பெருகி, வயதாக ஆக விதைப்பையில் கூடுதல் இடம் பிடிக்கிறது என்று பிறகு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். வயலில் களை ஏறுவது மாதிரி.

மனத்தைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் கனமானவை. ஜெருசலேமில் பிறந்த ஏறக்குறைய 88,000 பேரைத் தொடர்ந்து பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், ஐம்பதைக் கடந்த தந்தையரின் பிள்ளைகளுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, 25-க்குக் கீழ்ப்பட்ட தந்தையரின் பிள்ளைகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. இஸ்ரேலில் 2006-ல் வெளியான ஆய்வு ஆட்டிசத்துக்கும் தந்தையின் வயதுக்கும் வலுவான தொடர்பைக் காட்டியது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த அளவு குறைந்தது, திசை மாறவில்லை. அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, தந்தைக்கு 45 கடந்திருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு 14 சதவீதம் கூடுவதைச் சொன்னது. கருச்சிதைவும் கூடுகிறது, தாயின் வயது எதுவானாலும்.

இந்த இடத்தில் நான் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் நாற்பதில் தந்தையானவர்கள் இருப்பார்கள். இன்னும் சிலர் வீட்டில் நோயுற்ற பிள்ளையும் இருக்கும். நூறு பேரில் ஒருவருக்கு வருவது, ஒன்றரைப் பேருக்கு வருவதாகக் கூடினாலும், மீதி தொண்ணூற்றெட்டுக்கும் மேற்பட்டவர்களின் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். தனி ஒருவரின் பிள்ளைக்கு வந்த நோயை அவருடைய வயதின் கணக்கில் எழுத எந்த மருத்துவராலும் முடியாது. வயதான தந்தையின் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு நன்மையும் உண்டு. நம் குரோமோசோம்களின் நுனியில், ஷூ கயிற்றின் முனையில் இருக்கும் பூண் மாதிரி, டெலோமியர் என்று ஒரு பகுதி இருக்கிறது. உடம்பின் மற்ற செல்களில் வயதாக ஆக அது தேய்கிறது. விந்தணுவில் மட்டும் நீள்கிறது. பிலிப்பைன்ஸின் செபூ நகரத்தில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், வயது முதிர்ந்த தந்தையின் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல், தாத்தாவும் முதிர்ந்த வயதில் தந்தையாகியிருந்தால் பேரப் பிள்ளைகளுக்கும் அது நீண்டிருந்தது. இயற்கை ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொஞ்சம் திருப்பித் தந்திருக்கிறது. ஆகவே யாரையும் பயமுறுத்துவது என் எண்ணமல்ல. நாற்பதில் தந்தையாவது தவறு என்றும் நான் சொல்லவில்லை. தெரிந்து ஆகவேண்டும் என்கிறேன்.

சொந்தத்தில் கட்டுவதால் வரும் குறைபாட்டையும் இதையும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் வேறு. அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டும்போது, இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழைய பிழை பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்படலாம். தந்தையின் வயதால் வருவது புதுப் பிழை. முன்னோர் யாரிடமும் இல்லாதது. அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்தில் மாப்பிள்ளை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராகவே இருப்பார் என்பதால் சில வீடுகளில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. "அந்நியத்தில் எடுத்தோம், அப்புறம் எப்படி வந்தது" என்று கேட்பவர்கள் மாப்பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை.

இத்தனைக்கும் விதையின் வயது தெரியாத ஊர் அல்ல எங்களுடையது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் போகும் வழியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். விதைத் தேங்காய்க்குக் கண்ட மரத்தையும் யாரும் தொடமாட்டார்கள். 25-லிருந்து 40 வயதுக்குள், நடுத்தர வயதில், ஒழுங்காகக் காய்க்கும் தாய்மரமாகப் பார்த்துச் சுண்ணாம்புக் குறி வைப்பார்கள். எங்கள் ஊரின் பெயரால் உலகமெங்கும் அறியப்பட்ட வெள்ளை நாயை வளர்ப்பவர்கள், குட்டிக்குக் காது கேட்குமா என்று பார்த்து வாங்குவதோடு, இணை சேர்க்கும் ஆண் நாய் எது, அதன் வயது என்ன, அதன் முந்தைய ஈட்டுக் குட்டிகள் எப்படி என்று மூன்று தலைமுறை விசாரிப்பார்கள். நானே ஒருமுறை நண்பர் ஒருவருடன் குட்டி பார்க்கப் போய் அந்த விசாரணை முழுவதையும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு 35 வயது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரை மருத்துவர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னார். சர்க்கரையைக் கட்டச் சொன்னார். மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும், இன்று உருவாகத் தொடங்கும் அணு அப்போதுதான் வெளியே வரும் என்றார். இன்னொன்றும் சொன்னார். உடம்பு ஏறவென்று ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள் இப்போது நிறைய வருகிறார்களாம். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் போனால் உள்ளே விந்தணு உற்பத்தி நின்றே போகும். ஆண்மை கூட்டுகிறோம் என்று லாட்ஜில் அறை எடுத்து மாதத்தில் இரண்டு நாள் வந்து போகும் வைத்தியர்களின் சூரணத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் வந்து நிற்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் தெரிந்தது.

எனக்கு 40 ஆனபோது அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அப்போதும் எல்லோரும் அவள் மாடிப்படி ஏறியதைப் பற்றியும் பப்பாளியைப் பற்றியும்தான் பேசினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கருச்சிதைவில் தந்தையின் பங்கும் இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதுவும் அந்த இரண்டு வருடத்தோடு சேர்த்து என் கணக்கில் நிற்கிறது.

பிறகு ஊசி. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 1992-ல் கைகூடிய முறை அது. ஒரே ஒரு விந்தணுவை எடுத்து நேரே கருமுட்டைக்குள் செலுத்துகிறார்கள். ஆணிடம் எவ்வளவு குறைந்தாலும் போதும், ஒன்று கிடைத்தால் போதும். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் கையில் 1990-ல் பிறந்ததிலிருந்து இன்று மாவட்டத் தலைநகர்கள்வரை கருத்தரிப்பு மையங்கள் வந்துவிட்டன. எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றியிருக்கின்றன, எங்கள் வீட்டிலும். ஆனால் அந்த ஒரு விந்தணுவுக்குத் துணையாக, பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி போட்டுக்கொண்டு, வயிறு வீங்கி, மயக்க மருந்தில் கருமுட்டை எடுக்கப்பட்டது யாருக்கு? குறை என்னுடையது. உடம்பு அவளுடையது. ஊசி போட்ட இடத்தில் நர்ஸ் பஞ்சை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். எங்கள் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கான பஞ்சும் எங்கள் ஊரிலிருந்து போகிறது. தினமும் அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என்னால் செய்ய முடிந்த ஒரே வேலை அது.

கம்பனின் தசரதன் அறுபதினாயிரம் ஆண்டு ஆண்டபின் வாரிசில்லாத கவலையை வசிட்டரிடம் சொல்கிறான். வேள்வி நடக்கிறது. தீயிலிருந்து வந்த அமுதத்தை உண்டவர்கள் மூன்று மனைவியரும். கிழவன் ஆன அரசனுக்கு ஒரு கவளமும் கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளியில் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

சட்டமும் மெல்லத்தான் ஆணைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 2019-ல் ஆந்திராவின் குண்டூரில் எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி செயற்கைக் கருத்தரிப்பில் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றபோது நாடே அவர் வயதைப் பேசியது. அவருடைய கணவர் அவரைவிட மூத்தவர் என்பது ஒரு வரியில் போனது. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று மேல் எல்லை வைத்தது. ஆணுக்கு ஒரு எல்லை என்பதே புதிது, அந்த வகையில் நல்லது. தத்தெடுப்பு விதிகள் இதைவிட நேராக யோசித்திருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் விதிப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தம்பதியின் இரண்டு வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக்கூடாது. பிள்ளையை வளர்க்க எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று கணவனையும் மனைவியையும் சேர்த்து நிறுத்திக் கேட்கும் கணக்கு அது. கல்யாணத் தரகர் இந்தக் கூட்டலைப் படித்துக்கொள்ள வேண்டும்.

தத்து என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரை நினைக்காமல் இருக்க முடியாது. துளசிச் செடியடியில் கிடந்த ஒரு பெண் குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்த நந்தவனம் இன்றும் அங்கே இருக்கிறது. கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாயாக மாறிப் பாடியவர் அவர். பிள்ளைத்தமிழ் என்று பின்னால் வளர்ந்ததன் வித்து அந்தப் பாட்டுகளில் இருக்கிறது. அவர் எடுத்து வளர்த்தவள் தன்னைத் தன் பாசுரங்களில் விட்டுசித்தன் கோதை என்று சொல்லிக்கொண்டாள். இரத்தம் எங்கும் குறுக்கே வரவில்லை. அவள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் போகிறது. அவளிடம் பிள்ளை வரம் கேட்டு நிற்கும் நம் வீடுகளில் தத்தெடுப்பது என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். நாங்களும் அப்படித்தான் ஒரு ராத்திரி பேசினோம். அம்மாவின் முகத்தை நினைத்து அதோடு விட்டுவிட்டோம். விட்டது சரியா என்று இப்போது எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

மகள் பிறந்தபோது எனக்கு 42, மனைவிக்கு 34. பிரசவ வார்டில் அவளுடைய கேஸ் ஷீட்டில் 34-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். 42-க்கு எந்தச் சீட்டிலும் வட்டம் விழவில்லை.

மகள் நன்றாக இருக்கிறாள். ஒன்பது வயது. மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினால் சஞ்சீவி மலைச் சாலை ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை. வேறொன்று இருக்கிறது. அவள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் என் அப்பா போய்விட்டார். பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன், என்று தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தார். தாத்தாவும் பேரப்பிள்ளையும் சில வருடமாவது ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பிய சமூகம்தான் அப்படி ஒரு சொல்லை உண்டாக்க முடியும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை என்று 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. இருக்கும் ஒரே பிள்ளையும் நாற்பதில் பிறந்து, அதுவும் தன் முப்பத்தைந்தில் கட்டினால், திண்ணையில் யார் இருப்பார்கள்? மரபணுவின் எழுத்துப் பிழையைவிட இந்தக் காலி இடம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. மில்லில் சங்கு ஊதியதும் அப்பா சைக்கிளில் பஞ்சுத் தூசியோடு வருவதை நான் மகளுக்குச் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொள்கிறாள், கதை மாதிரி.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகனுக்கு 33. கோயம்புத்தூரில் வேலை. மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள், முற்றமெல்லாம் எம்சாண்ட். நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது என்றும், மாடி முடிந்து, அவனுக்குப் பதவி உயர்வும் வந்த பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள்.

"எப்பக்கா முடியும்?" என்றேன்.

"ரெண்டு வருஷம் ஆகும். ஆம்பளைப் பயதானே, என்ன அவசரம்?"

"அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்குன்னுதான் சொன்னான்."

நான் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். வரும்போதே எடுத்துவைத்துக்கொண்டு வந்திருந்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதுவரை என் மனைவியையும் மருத்துவர்களையும் தவிர யாரும் பார்க்காதது. அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். மேலும் கீழும் பார்த்தாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

"என்னதுடா இது?"

சொன்னேன். சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எக்ஸ்ரேயிலிருந்து தொடங்கி, கலைந்தது வரை, எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் அன்று மாடிப்படியைப் பற்றிப் பேசியவர்களில் ஒருத்தி. வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "அந்தப் பிள்ளைய நான் என்னென்ன கேட்டிருக்கேன்" என்று தனக்குள் சொன்னாள். பிறகு தாளைத் திருப்பி என்னிடம் நீட்டி, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதுல உன் வயசு எங்க போட்டிருக்கு?"

மேலே, பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. காட்டினேன்.